கவர் பிரிக்காத டிவி

நவம்பர் 20, புதன்

இந்த டைரியை வாரண்டிக்காக எழுதுகிறேன். கேபிள் கடை சண்முகவடிவுதான் சொன்னாள். "டிவி வந்த தேதி, பிரிச்ச தேதி, மாட்டுன தேதி எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கிடுங்க அண்ணாச்சி. நாளைக்கு ரிப்பேருன்னா கம்பெனிக்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான்." லாரி ஆபீஸில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

வந்த தேதி: இன்று. நாற்பத்துமூன்று இஞ்ச். அனுப்பியது என் மகள் ஜெனோவா, சென்னையிலிருந்து. பெட்டிக்குள் சவுண்ட் பார் என்று ஒரு நீளக் குழாயும் இலவசமாம்.

கம்பெனிக்காரன் கேட்டால் சொல்வதற்கு என்னைப் பற்றியும் நாலு வரி. பெயர் தனிஸ்லாஸ். ஊர் தூத்துக்குடி. உப்புக் கம்பெனியில் லாரி எடை போடும் மேடையில் வேலை. பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் மொத்தம் பதினோரு வருஷப் படிப்பு. பொருளைப் பாதுகாப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய சோபா இன்னும் பாலிதீன் கவருக்குள் புத்தம் புதிதாக இருக்கிறது. வெயில் காலத்தில் அதிலிருந்து எழுந்தால் முதுகு சர்ரென்று உரிந்து வரும். அது சோபாவின் குற்றம் அல்ல. ரிமோட்டுக்கு கவர், கவருக்கு ரப்பர் பேண்டு. தூரத்தில் ஒரு இடி உறுமினால் போதும், வீட்டில் உள்ள அத்தனை பிளக்கையும் உருவிவிடுவேன். பேட்டரியில் ஓடும் சுவர்க்கடிகாரத்தையே சந்தேகமாகப் பார்ப்பவன் நான்.

அப்படிப்பட்ட வீட்டில் பழைய டிவி அக்டோபர் இருபதாம் தேதி இடியில் கருகிப் போனது. அன்று நான் அசந்து தூங்கிவிட்டேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

"பெட்டியப் பிரிங்க" என்றாள் என் மனைவி புஷ்பம்.

"கரண்ட்டு சரியில்லாம பிரிக்கக் கூடாது."

"பிரிக்கிறதுக்கு எதுக்குங்க கரண்ட்டு?"

சில கேள்விகளுக்கு பதினோரு வருஷப் படிப்பு போதாது.

நவம்பர் 21, வியாழன்

பெட்டி அப்படியே இருக்கிறது. நானும்.

நவம்பர் 22, வெள்ளி

வேலை முடிந்து சண்முகவடிவு கடைக்குப் போனேன். ஐ.டி.ஐ. படித்த பெண். ஆறடிக்கு நாலடி கடை. சுவர் முழுக்க ஒயர்கள் காய்த்துத் தொங்க, நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள். இடிக்கே பயப்படாத பொருளாக ஒன்று வேண்டும் என்றேன்.

"அப்படி ஒரு பொருளு இருந்தா நானே கழுத்துல மாட்டிக்கிடுவேன் அண்ணாச்சி. நேரா இடி விழுந்தா எதுவும் தாங்காது. உருவிப் போட்டிரணும். ஆனா கரண்ட்டு திடீர்னு எகிறி குதிக்கும்லா, அதத் தாங்குறதுக்கு இது இருக்கு." ஆறு பிளக் சொருகும் ஒரு நீளப் பெட்டியை எடுத்து வைத்தாள். ஸ்பைக் பஸ்டர்.

"ரெண்டு குடும்மா. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மாட்டிருதேன்."

"கல்யாணத்துக்கு ரெண்டு மாப்பிள்ளையா கேப்பாவ? ஒண்ணு போதும். ஒங்க வீட்டுல எர்த் இருக்கா?"

"மூணு ஓட்டை பிளக்குதான்."

"ஓட்டை இருக்கும். ஒயரு இருக்கான்னு கேட்டேன். அதிகப்படியா வர்ற கரண்ட்ட இது மண்ணுக்குள்ள தள்ளிவிடும். தள்ளுறதுக்கு வழி இல்லன்னா, இது வெறும் நீளமான பிளக்குப் பெட்டிதான்."

எங்கள் வீடு 2009இல் கட்டியது. எர்த் இல்லாமலா இருக்கும் என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

எர்த் இல்லை.

பூசை முடிந்து வந்து, மெயினை அணைத்துவிட்டு, சுவர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை ஒயர் உள்ளே இருந்தது, யாரோடும் சேராமல் மடங்கி, மூலையில் பெஞ்சில் ஏறிய பையன் மாதிரி. வயரிங் செய்தவனைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எர்த்துக் குழி எல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்ப்பா, இப்ப கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு" என்று அவனிடம் சொன்னது நானேதான். பிற்பாடு யாரோ பேருக்கு ஒரு கம்பியை வாசல் பக்கம் நட்டிருந்தார்கள். உப்புக் காற்று அதைத் தின்று பச்சைப் பொடியாக்கி வைத்திருந்தது. விரலால் தொட்டேன். உதிர்ந்தது.

பதினைந்து வருஷமாக நான் மூடி மூடிப் பாதுகாத்த வீட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

நவம்பர் 26, செவ்வாய்

பக்கத்து வீட்டு லிகோரி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னோடு பத்தாம் வகுப்பை ஒரே ஒரு முறை படித்தவன். அவனைக் கூட்டி வந்து குழி தோண்டினோம். எர்த் கம்பியைச் சுற்றி கரித்துண்டும் உப்பும் போட வேண்டுமாம். உப்புக் கம்பெனிக்காரன் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? மேனேஜரிடம் கேட்டேன். "எத்தன டன்னு வேணும்?" என்றார். ஒரு சாக்கு என்றதும், அத்தனை சின்ன எடைக்கு அவர் பில் போட மாட்டாராம்.

"ஏல தனிஸு, டிவியப் பொதைக்கவா இம்புட்டு ஆழம் தோண்டுத?" என்றான் லிகோரி.

"ஓம் மூளைய வைக்க எடம் தேடுதேன்."

"அதுக்கு டம்ளரு அளவு போதும்ல."

சிரித்ததில் மண்வெட்டி கைதவறி, புஷ்பத்தின் மல்லிச் செடி கழுத்தறுந்தது. இதை வாரண்டிக் கணக்கில் சேர்க்கவில்லை.

நவம்பர் 28, வியாழன்

எர்த்துக் குழி காயக் கூடாது என்று லிகோரி சொன்னதால் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

"மல்லிக்கு என்னைக்காவது ஒரு செம்பு ஊத்தியிருப்பியளா?" என்றாள் புஷ்பம்.

"மல்லி டிவியக் காப்பாத்துமா?"

"யாரு பாக்கிறதுக்கு இந்தப் பாடு? நானும் நாடகத்த விட்டு ஒரு மாசம் ஆச்சு. உசிரோடதான் இருக்கேன்."

"ஒனக்காகத்தான்" என்றேன். புஷ்பம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஸ்பைக் பஸ்டர் கிடையாது.

நவம்பர் 30, சனி

ஜெனோவா அம்மாவுக்கு போன் செய்தாள். புஷ்பம் வழக்கம்போல் "அப்பாட்ட பேசு" என்று என் காதில் வைத்தாள்.

"யப்பா, டிவி பிரிச்சாச்சா?"

"எர்த்து போட்டாச்சும்மா. ஒண்ணாம் நம்பர் எர்த்து."

"பிரிச்சாச்சான்னு கேட்டேன்."

"கம்பி ஒன்பது அடி ஆழம்."

"டிசம்பர் எட்டு, ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்கு மாநில லீக் பைனல். பொம்பளைங்க ஃபுட்பால் ஆட்டம். நாந்தான் நடு ரெஃப்ரி. நெட்டுல நேரலையா போடுதாவ. நல்லா செஞ்சா நேஷனல் பேனலுக்கு பேரு போகும். சும்மா சொன்னேன்" என்றாள்.

"சரி" என்றேன்.

கம்பெனிக்காரனுக்கு இது தேவையில்லை என்றாலும் எழுதி வைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் பேங்க் பரீட்சை எழுதாமல் ரெஃப்ரி தேர்வுக்குப் போனாள். "விசிலடிக்கவா ஒன்னப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் கேட்டேன். அதற்குப் பிறகு அவளும் நானும் கரண்ட், மழை, கேஸ் சிலிண்டர் பற்றி நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். அவள் ஆட்டம் ஒன்றைக்கூட மைதானத்தில் போய் நான் பார்த்ததில்லை. அவள் கூப்பிட்டதும் இல்லை.

இன்றுதான் முதல் முறை நேரம் சொல்லியிருக்கிறாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

பிரித்த தேதி: இன்று. திரையின் மேல் ஒட்டிய மெல்லிய தாளைப் பிரிக்கவில்லை. பிரிக்க வந்த புஷ்பத்தின் கையைத் தடுத்துவிட்டேன். மாட்டி, ஸ்பைக் பஸ்டரில் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். டிவியின் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஷாக் இல்லை. பழைய டிவி தொட்டால் சுள்ளென்று கிள்ளும். இவ்வளவு நாளும் அதை அதன் குணம் என்று நினைத்திருந்தேன்.

மண்டியிட்டு எர்த்துக் குழிக்கு இன்னொரு குடம்.

டிசம்பர் 3, செவ்வாய்

புஷ்பத்தின் போனிலிருந்து டிவிக்கு நெட் இழுக்கக் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் எதையும் இழுக்க முடியாது. படம் பளிச்சென்று வருகிறது, தாளின் மேல் இருக்கும் நான்கைந்து காற்றுக் குமிழ்களைத் தவிர. ஆனால் சத்தம்தான் சரியில்லை. டிவியின் ஸ்பீக்கர் பின்பக்கம் இருப்பதால் அது சுவரோடு ரகசியம் பேசுகிறது. ஃபேனைப் போட்டால் அதுவும் கேட்கவில்லை.

"நாடகத்துக்கு இது போதும்" என்றாள் புஷ்பம்.

"கிறிஸ்மஸ் பூசை பாக்கணும்லா? பாட்டு கேக்கணும்லா?"

"கோயிலு ரெண்டாவது தெருவுலதான இருக்கு?"

டிசம்பர் 5, வியாழன்

சவுண்ட் பாரை டிவியோடு சேர்க்க சண்முகவடிவு ஒரு ஒயர் கொடுத்தாள். ஒயர் என்று சொல்லக் கூடாதாம். உள்ளே செம்பு கிடையாது, கண்ணாடி மாதிரி ஒரு நரம்பு. சத்தம் அதில் வெளிச்சமாகப் போகுமாம்.

"வெளிச்சமாவா?"

"ஆமா அண்ணாச்சி. சேப்பு வெளிச்சம். ஒடிச்சு மடக்கிராதீங்க. முனைய விரலால தொடாதீங்க, அழுக்குப் பட்டா சத்தம் போகாது. மாட்டிட்டு, டிவில அவுட்புட்ட ஆப்டிகலுக்கு மாத்திருங்க. ஆமா, சவுண்டுல அப்படி என்னத்தக் கேக்கப் போறிய?"

சொல்லிவிட்டேன். மகள் ரெஃப்ரி, மாநில பைனல், விசில் கேட்க வேண்டும் என்று. கடையில் வேறு யாரும் இல்லாததால் தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

சண்முகவடிவு ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டாள். "எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நல்ல கேபிளாத் தந்திருப்பேன்லா!" என்று கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்று தந்தாள். முதலில் தந்தது என்ன கேபிள் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 7, சனி

காலையிலிருந்து மழை. சாயங்காலம் கேபிளை மாட்டினேன். முனை இரண்டிலும் கண்ணாடி மாதிரி குட்டித் தொப்பி ஒன்று இருந்தது. முனையைத் தொடக் கூடாது என்று சொன்னதால் கம்பெனிக்காரனே பாதுகாப்புக்குப் போட்டு அனுப்பியிருக்கிறான். என் இனத்தான். தொப்பியோடு சொருகினேன். கொஞ்சம் லூசாக ஆடியது. டேப் சுற்றி இறுக்கினேன். சவுண்ட் பார் பக்கத்து முனையில் சிவப்பு வெளிச்சம் மின்மினி போல் மினுங்குவதைப் பார்த்தபோது புல்லரித்துவிட்டது. அவுட்புட்டையும் ஆப்டிகலுக்கு மாற்றினேன். சத்தத்தைச் சோதிக்க ரிமோட்டை எடுக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

மாட்டிய தேதி என்று இதைத்தான் எழுத வேண்டும். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன். புஷ்பம் சிரிப்பை நிறுத்தவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

நேற்று நடந்தது.

கரண்ட் வந்தது மூன்று மணி ஐம்பதுக்கு. அதற்குள் நான் உப்புக் கம்பெனி ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வரலாமா என்கிற அளவுக்கு யோசித்துவிட்டேன். மோப்பம் பிடித்து லிகோரியும் வந்துவிட்டான். சோபாவில் உட்கார்ந்தான். சர்ரென்றது.

படம் வந்தது. பச்சை மைதானம். நடுவில் கறுப்புச் சட்டையில், கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்கள் ஜெனோவா. பந்தின் மேல் ஒரு காலை வைத்து மணிக்கட்டைப் பார்த்தாள். கன்னம் உப்பியது. விசில் ஊதிவிட்டாள். எங்கள் வீட்டில் கேட்டது ஃபேன் சத்தம் மட்டும்தான்.

வால்யூமைக் கூட்டினேன். இருபது, நாற்பது, நூறு. அதற்கு மேல் நம்பரே இல்லை. டேப்பை அமுக்கிப் பார்த்தேன். சவுண்ட் பாரைத் தட்டிப் பார்த்தேன். சண்முகவடிவுக்கு பட்டன் போனில் அடித்தால் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளும் மனுஷிதானே.

"ஊமைப் படம்னு நெனைச்சுப் பாருடே" என்றான் லிகோரி.

பார்த்தோம். அவள் ஓடிய ஓட்டம்! பந்து எங்கே போகிறதோ அங்கே அவள். தன்னைவிட ஒரு தலை உயரமான பிள்ளைகளுக்கு நடுவில் கையை நீட்டி, தள்ளி நில்லு என்கிறாள். நிற்கிறார்கள். சின்ன வயசில் நான் சொல்லி அவள் எந்தக் காலத்தில் நின்றாள்?

பாதி ஆட்டம் முடிந்தது, கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கடல் பக்கம் உறுமல் கேட்டது. தூரத்து இடி.

லிகோரி என்னைப் பார்த்தான். புஷ்பமும் என்னைப் பார்த்தாள். என் கை தானாகப் பிளக்குக்குப் போனது. விரல் அதில் பட்டும்விட்டது. திரையில் ஜெனோவா திரும்பி ஓடினாள். கையை எடுத்துவிட்டேன்.

"எர்த்து இருக்கு" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தியளா?" என்றாள் புஷ்பம்.

"என்னைக்கு?"

"அக்டோபர் இருவது. நான் கோயில் பங்குக் கூட்டத்துக்குப் போயிருந்தப்ப."

"அன்னைக்கு நான் தூங்கிட்டேன்னு சொன்னேன்லா."

"கேபிள் டிவிக்காரன் சந்தாவுக்கு வந்தப்பவே சொல்லிட்டான். அன்னைக்கு மாவட்ட பைனல, நம்ம ஜெனோவா ரெஃப்ரியா நின்னத, அவன் சேனல்ல போட்டானாம். 'அண்ணாச்சி காலையிலயே போன் பண்ணி, எத்தன மணிக்கு, எந்த நம்பர்லன்னு கேட்டாவளே'ன்னான்."

லிகோரி தரையில் எறும்பு இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினான்.

சரி. எழுதிவிடுகிறேன். அக்டோபர் இருபதாம் தேதி நான் தூங்கவில்லை. இடி நாலு முறை இடித்தது, நாலு முறையும் எழுந்தேன், நாலு முறையும் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருந்தது. ஐந்தாவது இடியில் டிவியில் இருந்து புகை வந்தது.

"ஜெனோவாட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"பின்ன? இந்த டிவி எதுக்கு வந்துச்சுன்னு நெனைச்சிய? என் நாடகத்துக்கா?"

டேப் சுற்றிய முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்போதுதான் அது நடந்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை விழுந்தாள். ஜெனோவா கன்னத்தை உப்பி ஊதி, கையை நேராக நீட்டினாள். பெனால்டி. அந்தப் பக்கத்து அணி மொத்தமும் ஓடி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. எல்லாருக்கும் வாய் அசைகிறது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் அவள் கொண்டை மட்டும் தெரிந்தது.

"ஏட்டி, விட்டுக் குடுக்காத! நில்லு!" என்று கத்தினேன். சென்னைக்குக் கேட்டிருக்கும்.

"முதல்ல நமக்குக் கேக்கட்டும், தள்ளுங்க" என்று புஷ்பம் என்னை ஒதுக்கிவிட்டு கேபிளை உருவினாள். டேப்பைப் பிரித்தாள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, இது என்ன, மூடியா?"

"தொடாத! அது பாதுகாப்பு!"

புஷ்பம் நகத்தால் ஒரு நெம்பு நெம்பினாள். டக்கென்று தொப்பி கழன்று எங்கோ தெறித்தது. டிவி பக்கத்தில் இன்னொன்று. டக். மறுபடி சொருகினாள். கேபிள் கடக்கென்று போய் உட்கார்ந்தது, டேப் இல்லாமல், ஆடாமல்.

வால்யூம் நூறில் இருந்ததை நாங்கள் மூன்று பேரும் மறந்துபோயிருந்தோம்.

விசில்!

அப்படியொரு விசிலை நான் கேட்டதில்லை. லிகோரி சோபாவிலிருந்து எழவில்லை, பறந்தான். சோபா கவர் அவன் முதுகோடு பாதி கிழிந்து வந்தது. தெருவில் நாய் குரைத்தது. எதிர்வீட்டில் யாரோ குக்கர் வெடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். ஜெனோவா அந்தக் கூட்டத்தைப் பின்னால் நகரச் சொல்லி ஊதிக்கொண்டிருந்தாள். எங்கள் ஹாலில் இருந்த நாங்களும் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டோம்.

பெனால்டியில் கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். மிச்சமிருந்த நேரம் முழுக்க நான் நின்றுகொண்டே பார்த்தேன், ஒரு கையால் பிளக்கைப் பிடித்தபடி. வால்யூமைக் குறைக்க யாருக்கும் மனசில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் மூன்று விசில். நீளமாக, நீளமாக, நீளமாக. மூன்றாவது அடங்கும் முன் பிளக்கை உருவினேன். ஐந்து நிமிஷம் கழித்து எங்கள் தெருவுக்கு மேலேயே இடி இடித்தது. கடகடவென்று. இடிக்கட்டும், எனக்கென்ன.

ஏழு மணிக்கு ஜெனோவா போன் செய்தாள். இந்த முறை என் பட்டன் போனுக்கு.

"யப்பா, சத்தம் சரியா வந்துச்சா?"

"லிகோரிக்கு இன்னும் காது அடைச்சிருக்கு."

சிரித்தாள். பிறகு, "அந்தப் பெனால்டிய எல்லாரும் கொறை சொல்லுதாவப்பா" என்றாள்.

"அது பெனால்டிதான்."

"ஒங்களுக்கு பெனால்டின்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா அது பெனால்டிதான். நீ ஊதிட்டல்லா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். கேபிளில் கோளாறோ என்னவோ, என் பக்கத்திலும் அதே சத்தம் வந்தது. பட்டன் போனில் கேபிள் கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஏம்மா, அந்த மைதானத்துல நம்மள மாதிரி ஆளுவ உக்கார எடம் உண்டா?"

"ஜனவரில மதுரைல ஒரு ஆட்டம் இருக்குப்பா. எடம் பிடிச்சு வைக்கவா?"

"ரெண்டு எடம் பிடி" என்றேன். புஷ்பம் மூன்று விரலைக் காட்டினாள். "மூணு. லிகோரியும் வாரானாம்."

டிசம்பர் 14, சனி

திரையின் தாளைப் புஷ்பம் பிரித்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. பிரித்த பிறகுதான் தெரிகிறது, மைதானம் எவ்வளவு பச்சை! பதிவாகிக் கிடக்கும் அந்த ஆட்டத்தை இதுவரை ஆறு முறை பார்த்தாகிவிட்டது. பெனால்டி மட்டும் பதினாலு முறை. சோபாவின் மிச்சக் கவரையும் நானே உரித்தேன். உள்ளே துணி நீல நிறம். எட்டு வருஷமாகச் சாம்பல் என்றே நினைத்திருந்தேன். ரிமோட் கவர் அப்படியே இருக்கிறது. ஒரேயடியாகத் திருந்தினால் உடம்புக்கு ஆகாது.

மத்தியானம் மேற்கே இடி உறுமியது. எழுந்து போய் டிவி, சவுண்ட் பார், மிக்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உருவி வைத்தேன்.

"என்னங்க, எர்த்து இருக்குன்னிய?" என்றாள் புஷ்பம்.

"இருக்கு. ஆனா இன்னைக்கு ஆட்டம் இல்லல்லா."